தைப்பனி தரையை, மாசிப்பனி மச்சை: லாரிக்குள்ள தூங்குறவங்களுக்கு ஒரு குளிர் பாடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடை கொஞ்சம் வெக்கத்தோடதான் ஆரம்பிக்கிறேன். ஏன்னா இது நான் பண்ண ஒரு முட்டாள்தனத்துல இருந்து பொறந்த எபிசோட். அந்த முட்டாள்தனத்தை உங்கள்ல நிறைய பேர் பண்ண வாய்ப்பு இருக்கு. கொடைக்கானல்ல டென்ட் போடுறவங்க, நண்பர்களோட வேன் எடுத்துக்கிட்டு கிளம்புறவங்க, நைட் டிரைவ்ல தூக்கம் வந்தா காரை ஓரம் கட்டி உள்ளேயே படுக்குறவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் பேசப் போறேன்.

போன தை மாசம், சம்பா அறுவடையைப் பத்தி ரெக்கார்ட் பண்ண நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். டெல்டாவுல தை, மாசியில அறுவடை எந்திரங்கள் வரிசையா வந்து இறங்கும். நிறைய வண்டிங்க ஆத்தூர், கள்ளக்குறிச்சி, பெரம்பலூர்னு வெளியூர்ல இருந்து வர்றது. சேத்துல இறங்குற பெல்ட் வண்டி ரோட்டுல ஓடாது. அதனால அதை லாரியில ஏத்திக் கொண்டு வருவாங்க. எந்திரம் வயல்ல நிக்கும், லாரி வரப்போரமா நிக்கும். அந்த லாரிதான் சீசன் முடியுற வரைக்கும் டிரைவருக்கும் கூட வந்த ஆளுங்களுக்கும் வீடு. சமையல் லாரி பக்கத்துல, துணி காயுறது லாரி கம்பியில, தூக்கம் லாரி பாடிக்குள்ள.

வெளிநாட்டுல குதிரை வளர்க்குறவங்க பந்தயத்துக்கோ கண்காட்சிக்கோ போறப்ப ஒரு பெரிய ட்ரெய்லர் இழுத்துட்டுப் போவாங்க. பின்னாடி குதிரை, முன்னாடி ஒரு சின்ன அறை. அதுல கட்டில், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் இருக்கும். நம்ம ஊர்ல அந்த அறைக்குச் சமமா ஒண்ணு இருக்குன்னா அது இந்த அறுவடை லாரிதான். ஹீட்டர் மட்டும் கிடையாது.

20 டிகிரியில குளிருமா?

சென்னையில இருந்து கிளம்புறப்ப, "தஞ்சாவூர்ல என்ன பெரிய குளிர்"னு நினைச்சு ஒரு மெல்லிசு போர்வையோட போயிட்டேன். கணக்குப்படி பார்த்தா நான் நினைச்சது நியாயம்தான். ஜனவரி ராத்திரியில அங்க வெப்பநிலை சாதாரணமா 20 டிகிரி பக்கம்தான் இறங்கும். ஊட்டிக்காரங்க கேட்டா சிரிப்பாங்க.

ஆனா உடம்பு தெர்மாமீட்டரைப் பார்த்து நடுங்குறது இல்ல, தான் இழக்குற சூட்டைப் பார்த்துதான் நடுங்கும். துணி இல்லாம சும்மா படுத்திருக்குற ஒரு மனுஷனுக்குக் குளிரோ புழுக்கமோ தெரியாம இருக்கணும்னா சுத்தி 28, 30 டிகிரி வேணும். தூங்குறப்ப உடம்பு உண்டாக்குற சூடு ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான், சுமார் 75 வாட். அதுலயும் அதிகாலை நாலு, அஞ்சு மணிக்கு உடம்போட உஷ்ணம் அன்னிக்கு நாளோட அடிமட்டத்துக்கு வரும். வெளியில பனி உச்சத்துல இருக்குற நேரமும் அதேதான்.

இதோட ஈரத்தைச் சேர்த்துக்குங்க. டெல்டாவுல தை மாசம் வயல்ல ஈரம், வாய்க்கால்ல தண்ணி, காத்துலயும் ஈரம். அசையாத காத்தோட ஒப்பிட்டா தண்ணி கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். நனைஞ்ச போர்வைன்னா உங்களுக்கும் குளிருக்கும் நடுவுல ஒரு பாலம் போட்ட மாதிரி. அந்த 20 டிகிரி, ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு 10 டிகிரி மாதிரி இருந்துச்சு.

நாங்க பண்ண தப்பு

அன்னிக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் அறுத்தாங்க. பனி இறங்குனதும் நிறுத்திட்டாங்க. தாள் ஈரமானா எந்திரம் அடைச்சுக்கும், நெல்லும் ஈரமாயிடும். நேரடி கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா விவசாயிக்குத்தான் தலைவலி. அதனால மறுநாளும் பனி காயுற வரைக்கும், காலைல ஒன்பது, பத்து மணி ஆகுற வரைக்கும், வண்டி எடுக்க மாட்டாங்க. ராத்திரி ரொம்ப நீளம்னு அர்த்தம்.

டிரைவர் அண்ணன் கேபின்ல படுத்தாரு. நானும் ஹெல்ப்பர் தம்பியும் பின்னாடி பாடியில. மேல தார்ப்பாய், நாலு பக்கமும் இறக்கிக் கட்டியிருந்தோம். பதினோரு மணிக்கெல்லாம் எனக்குப் பல்லு தந்தியடிக்க ஆரம்பிச்சிடுச்சு. சமைச்ச அடுப்புல சீமைக்கருவேலங் கட்டை எரிஞ்சு, செக்கச்செவேல்னு தணல் கிடந்துச்சு. புகையே இல்ல. "அதை ஒரு இரும்புச் சட்டியில அள்ளி உள்ள வச்சா என்ன?"ன்னு கேட்டது நான்தான். தம்பி அள்ளிக் கொண்டு வந்தான். காத்து வருதுன்னு தார்ப்பாயோட கடைசி இடைவெளியையும் மூட்டையை வச்சு அடைச்சது நான்தான்.

அஞ்சு நிமிஷத்துல சொர்க்கம் மாதிரி இருந்துச்சு. தூங்கிட்டோம்.

எத்தனை மணின்னு தெரியல. யாரோ என் காலைப் புடிச்சு இழுக்குறாங்க. அண்ணன் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சிருக்காரு. தார்ப்பாய் இடுக்குல செவப்பா வெளிச்சம் தெரிஞ்சதும் ஓடி வந்து அவுத்திருக்காரு. எனக்கு மண்டை பொளந்துக்கிட்டு இருந்துச்சு. எந்திரிச்சு நின்னா கால் நிக்கல. தம்பி கீழ இறங்குனதும் வாந்தி எடுத்தான். "பரோட்டா ஒத்துக்கல போல"ன்னு நான் சொன்னேன். அண்ணன் சட்டியை வாய்க்கால்ல கவுத்துட்டு வந்து சொன்னாரு: "பரோட்டா இல்ல தம்பி. எங்க ஊர்ல ரெண்டு பேரு இப்பிடித்தான் தூங்கிப் போனாங்க. எந்திரிக்கவே இல்ல."

எங்க ரத்தத்தை அன்னிக்கு யாரும் சோதிச்சுப் பார்க்கல. அது எங்களோட ரெண்டாவது தப்பு. வரப்புல உக்காந்து விடியுற வரைக்கும் காத்து வாங்கினோம், தலைவலி மதியம்தான் விட்டுச்சு. அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

புகை இல்லாத தணல்தான் மோசம்

கரி முழுசா எரிய நிறைய ஆக்சிஜன் வேணும். கிடைக்கலன்னா கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலா கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணு எரியாது, இருமல் வராது. விறகுப் புகைன்னா எரிச்சல்ல எந்திரிச்சு ஓடிருவோம். தணல்ல புகை வராததால "சுத்தமா எரியுது"ன்னு நினைக்கிறோம். அங்கதான் ஏமாறுறோம்.

நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போறது ஹீமோகுளோபின். அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா கார்பன் மோனாக்சைடைப் புடிச்சுக்கும். பஸ்ல எல்லா சீட்டுலயும் துண்டு போட்டு வச்ச மாதிரி. ஆக்சிஜன் வெளியில நிக்கும், இடம் கிடைக்காது. முதல்ல தலைவலி, அப்புறம் தலைசுத்தல், வாந்தி, குழப்பம். முழிச்சிருக்குறவனுக்கு இதெல்லாம் எச்சரிக்கை. தூங்குறவனுக்கு ஒரு எச்சரிக்கையும் கிடையாது.

இது எங்க மாதிரி ரெண்டு பேரோட அனுபவம் மட்டும் இல்ல. 2020 ஜனவரியில நேபாளத்துல டாமன்ங்கிற மலைவாசஸ்தலத்துல, கேரளாவுல இருந்து போன எட்டு பேர் ஒரே அறையில தங்கினாங்க. அதுல நாலு பேர் குழந்தைங்க. கேஸ் ஹீட்டரைப் போட்டுட்டு, கதவு ஜன்னலை மூடிட்டு படுத்தாங்க. எட்டு பேருமே பிழைக்கல. 2024 டிசம்பர்ல கோழிக்கோடு மாவட்டம் வடகரையில, ரோட்டோரமா நின்ன ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. அங்க குளிர் கூடக் காரணம் இல்ல. வண்டியோட ஜெனரேட்டர் புகை உள்ள புகுந்ததுதான் காரணம்னு நிபுணர்கள் சோதனை பண்ணிச் சொன்னாங்க. அது சாதாரண ரூம் கூட இல்ல, தூங்குறதுக்குன்னே செஞ்ச வண்டி.

அப்ப குதிரை ட்ரெய்லர்காரங்க மட்டும் எப்படி ஹீட்டர் போடுறாங்க? முறையா பொருத்துற ஹீட்டர்ல எரியுற அறை தனியா மூடியிருக்கும். எரியத் தேவையான காத்து வெளியில இருந்து ஒரு குழாய்ல வரும், புகை இன்னொரு குழாய்ல வெளியில போகும். சூடான ஒரு உலோகத் தகட்டை உரசிக்கிட்டு வர்ற காத்து மட்டும்தான் அறைக்குள்ள வரும். அதாவது நெருப்பு வண்டியில இருந்தாலும் நீங்க மூச்சு விடுற காத்துல இல்ல. எங்க இரும்புச் சட்டி அதுக்கு நேர் எதிர்.

தரை: தைப்பனியோட வேலை

மறுநாள் ராத்திரி அண்ணன் என்னை விடல. "சட்டி இல்லாமலே எப்பிடித் தூங்குறதுன்னு காட்டுறேன் வா"ன்னாரு. அவர் சொல்லிக் கொடுத்தது எல்லாமே ஒரு பழமொழிக்குள்ள இருக்கு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. நானும் கேட்டிருக்கேன். அதை ஒரு செய்முறைக் குறிப்பா யோசிச்சுப் பார்த்ததே இல்ல.

முதல்ல தரை. லாரி பாடி இரும்புத் தகடு. இரும்பு, மரத்தைவிடச் சில நூறு மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். நான் முதல் நாள் ஒரு பாயை மட்டும் விரிச்சுப் படுத்தேன். மேல எத்தனை போர்வை போத்துனாலும் கீழ இருந்து சூடு ஓடிக்கிட்டே இருந்துச்சு. நாம எப்பவும் போர்வையைப் பத்தியே யோசிக்கிறோம், படுக்குற பக்கத்தை மறந்துடுறோம். படுத்தவுடனே நம்ம எடையில விரிப்பு அமுங்கிடும். அதுக்குள்ள இருந்த காத்து வெளியேறிடும். காத்து போனா காப்பும் போச்சு.

அண்ணன் செஞ்சது இது. அன்னிக்கு அறுத்த வயல்ல இருந்து நல்லா காஞ்ச வைக்கோலா பார்த்து எடுத்தாரு. ஒரு முழம் உயரத்துக்குப் பரப்பினாரு. படுத்தா அது ஒரு சாண் அளவுக்கு அமுங்கும். அந்த ஒரு சாண் போதும். வைக்கோல் தாள் உள்ள குழலா இருக்கும், தாளுக்கு நடுவுலயும் காத்து தங்கும். அசையாத காத்தைவிட மலிவான காப்பு உலகத்துல கிடையாது. அதுக்கு மேல யூரியா சாக்கைப் பிரிச்சு விரிச்சாரு. வைக்கோல் குத்தாது, கீழ இருந்து ஈரமும் ஏறாது. சாக்குக்கு மேல கோரைப்பாய், பாய்க்கு மேல ஒரு பழைய பருத்தி வேட்டி.

இதுல மூணு எச்சரிக்கை. வைக்கோல் உலர்ந்ததா இருக்கணும், ஈர வைக்கோல் பூசணம் பூத்து மூச்சுக்கு ஆகாது. விரிக்கிறதுக்கு முன்னாடி நல்லா உதறணும், எலியும் தேளும் பாம்பும் நம்மள மாதிரியே கதகதப்பு தேடுற ஜீவன்கள். கடைசியா, வைக்கோல் மேல படுத்துட்டு பீடி, சிகரெட், கொசுவர்த்தி எதுவும் கூடாது.

வயல் இல்லாத ஊர்ல இருக்குறவங்க வைக்கோலுக்கு எங்க போறது? நல்ல கெட்டியான ஃபோம் யோகா மேட் ரெண்டு, அதுவும் இல்லன்னா அட்டைப்பெட்டிகளைப் பிரிச்சு நாலஞ்சு அடுக்கு. எல்லாத்துக்கும் தத்துவம் ஒண்ணுதான்: அமுங்குனாலும் உள்ள காத்து மிச்சம் இருக்கணும். ஒரு நல்ல போர்வை மட்டும் கூடுதலா கையில இருந்தா, அதை மேல போத்தாதீங்க, கீழ மடிச்சுப் போடுங்க.

மச்சு: மாசிப்பனியோட வேலை

அடுத்தது மேல. மேகம் இல்லாத ராத்திரியில தார்ப்பாய், தகரம், கார் கூரை எல்லாம் தன்னோட சூட்டை நேரா வானத்துக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். அதனால சுத்தி இருக்குற காத்தைவிடச் சில டிகிரி அதிகமாவே குளிர்ந்துடும். விடியக்காலைல பைக் சீட் நனைஞ்சிருக்கும், பக்கத்துல மரத்தடியில நிக்குற பைக் காஞ்சிருக்கும். கவனிச்சிருக்கீங்களா? மரத்தடி பைக்குக்கு மேல வானம் இல்ல, இலை இருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

குளிர்ந்த கூரையோட வெளிப்பக்கம் பனி பிடிக்கும். உள்பக்கம் பிடிக்கிறது பனி இல்ல, நீங்க. தூங்குற ஒரு ஆள் ஒரு ராத்திரியில மூச்சு வழியாவும் தோல் வழியாவும் கால் லிட்டர் அளவுக்குத் தண்ணியை ஆவியா விடுறாரு. மூணு பேர்னா முக்கால் லிட்டர். அது குளிர்ந்த தார்ப்பாய்ல பட்டு, துளியா சேர்ந்து, விடியுற நேரம் பார்த்து உங்க போர்வை மேல சொட்டும். எல்லாப் பக்கமும் இறுக்கி மூடுனா கதகதப்பா இருக்கும்னு நினைச்சோம் இல்லையா? ரெண்டு மணி நேரம் இருக்கும். அப்புறம் உங்க மூச்சே உங்களை நனைக்கும். உள்ள கேஸ் அடுப்பு பத்த வச்சா இன்னும் மோசம். ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா சுமார் ஒன்றரை கிலோ தண்ணி ஆவியா வரும். மோனாக்சைடு ஆபத்து தனி.

இதுக்கு அண்ணன் வச்சிருந்த வழி ரொம்ப எளிமை. லாரியை மரத்தடியில நிறுத்துறது. மரம் இல்லன்னா ரெண்டு அடுக்கு கூரை: மேல தார்ப்பாய், அதுக்குக் கீழ ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு பழைய புடவையோ போர்வையோ கயித்துல கட்டுறது. மேல இருக்குற தார்ப்பாய்ல சொட்டுற தண்ணியைத் துணி வாங்கிக்கும். படுத்திருக்குறவங்க பார்க்குற கூரையும் அவ்வளவா குளிர்ந்து போகாது.

காத்துக்கும் அவர் ஒரு கணக்கு வச்சிருந்தாரு. தை மாசம் வாடைக்காத்து வடகிழக்குல இருந்து வரும். லாரியோட வாயை அதுக்கு எதிர்ப்பக்கமா திருப்பி நிறுத்தினாரு. கீழ் இடுக்கையெல்லாம் மூட்டை வச்சு அடைச்சாரு, ஆனா மேல ரெண்டு பக்கமும் நாலு விரல்கடை திறந்தே வச்சாரு. "குளிராதாண்ணே?"ன்னு கேட்டேன். "காஞ்ச குளிரைத் தாங்கலாம் தம்பி, ஈரக் குளிரைத் தாங்க முடியாது"ன்னாரு. மூச்சுல வர்ற ஈரக்காத்து சூடா இருக்கும், மேல ஏறும், மேல இருக்குற வழியா வெளிய போகும். கீழ படுத்திருக்குற நம்ம மேல காத்து அடிக்காது. இதையேதான் கட்டட வல்லுநர்கள் வென்டிலேஷன்னு ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்றாங்க.

நடுவுல நாம

உடம்புக்கும் சில விஷயம். அறுவடைத் தூசி அரிக்கும், குளிச்சே ஆகணும். ஆனா பொழுது சாயுறதுக்குள்ள பம்புசெட்டுல குளிச்சுத் தலையைத் துவட்டிக் காய வச்சுடணும். பகல்ல வேலை செஞ்ச அதே சட்டையோட படுக்கக் கூடாது. வேர்வை ஈரம் ராத்திரி பூரா சூட்டை உறிஞ்சும். தூங்குறதுக்குன்னு ஒரு காஞ்ச செட்டு தனியா கவர்ல கட்டி வச்சுக்குங்க.

ஒரு தடிமனான போர்வையைவிட ரெண்டு மெல்லிசு போர்வை மேல், நடுவுல காத்து தங்கும். கம்பளி கிடைச்சா இன்னும் நல்லது, கொஞ்சம் நனைஞ்சாலும் பருத்தி மாதிரி முழுசா கைவிடாது. போர்வைக்கு வெளிய தெரியுறது தலையும் காதும்தான், அதனால ஒரு மஃப்ளரோ குல்லாவோ போட்டாலே பாதி நடுக்கம் போயிடும். ஆனா முகத்தை இழுத்து மூடாதீங்க. மூச்சு ஈரம் போர்வையில இறங்கும்.

கொசுவலை கட்டாயம். டெல்டாவுல குளிரைவிட கொசுதான் தூக்கத்தைக் கெடுக்கும். வலை, மெல்லிசா ஒரு காத்துத் தடுப்பாவும் வேலை செய்யும். கொசுவர்த்திச் சுருளும் கரி மாதிரியே புகைஞ்சு எரியுற பொருள்தான். மூடின இடத்துல அது வேணாம்.

சூடு வேணுமே வேணும்னா, நெருப்பை உள்ள கொண்டு வராம சூட்டை மட்டும் கொண்டு வாங்க. வெளியில அடுப்புல தண்ணி காய வச்சு, மெடிக்கல்ல கிடைக்குற ஒத்தடப் பையில ஊத்தி, துண்டுல சுத்தி கால்மாட்டுல வைங்க. ஒரு லிட்டர் வெந்நீர் ஆறுறதுக்குள்ள தர்ற சூடு, உங்க உடம்பு சுமார் அரை மணி நேரம் உண்டாக்குற சூட்டுக்குச் சமம். கேட்க கம்மியாத் தோணும். ஆனா தூக்கம் வர்ற அந்த முதல் அரை மணி நேரத்துக்கு அது பெரிய விஷயம். தோல்ல நேரா படக்கூடாது, சுட்டுடும்.

கீதாரி சொன்னது

ஒரு மாசம் கழிச்சு மாசியில மறுபடி அதே பக்கம் போனேன். அறுத்து முடிச்ச வயல்கள்ல, உளுந்து தெளிக்காத இடமா பார்த்து ஆட்டுக் கிடை போட்டிருந்தாங்க. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துல இருந்து நூத்துக்கணக்கான செம்மறியோட நடந்தே வர்றவங்க. மந்தைக்குப் பொறுப்பானவரைக் கீதாரின்னு சொல்லுவாங்க. சு. தமிழ்ச்செல்வி இந்தப் பேர்லயே ஒரு நாவல் எழுதியிருக்காங்க. ராத்திரி ஆடுங்க வயல்ல அடைஞ்சு கிடக்கும், புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதுக்கு வயல்காரர் கூலி கொடுப்பாரு.

அவங்களுக்கு லாரி கூடக் கிடையாது. ஆனா குட்டிங்களுக்கு மட்டும் ஒரு வீடு இருந்துச்சு. பனை ஓலையில முடைஞ்சு, கவுத்து வச்ச தொட்டி மாதிரி. கூடாப்புன்னு சொன்னாங்க. பொறந்து சில நாளே ஆன குட்டிக்கு உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாது. பனியில விட்டா செத்துப் போகும். அதனால ராத்திரி அதுக்குள்ள.

கூடாப்பை உத்துப் பார்த்தேன். ஓலை பனியைத் தடுக்குது, காத்தோட வேகத்தைத் தடுக்குது, ஆனா முடைச்சலுக்கு நடுவுல மூச்சு வெளிய போக வழி இருக்கு. "இது மேல பாலிதீன் போட்டு மூடுனா இன்னும் சூடா இருக்காதா அய்யா?"ன்னு கேட்டேன். கீதாரி சிரிச்சாரு. "சூடா இருக்கும்யா. காலையில குட்டி சீக்கு வந்து கெடக்கும்." மூடின இடத்துல மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியாவும் ஈரமும் நுரையீரலைக் கெடுக்கும். குளிருக்குப் பயந்து லாயத்தை இறுக்கி மூடாதீங்கன்னு குதிரை வைத்தியர்களும் இதைத்தான் சொல்றாங்க.

லாரிக்கார அண்ணனும் கீதாரியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. ரெண்டு பேரோட பாடமும் ஒண்ணு: குளிரைத் தடு, காத்தை நிறுத்தாதே.

இதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க

கார், வேன், டென்ட், லாரி, சின்ன ரூம், எதுவா இருந்தாலும் தூங்குற இடத்துக்குள்ள கரி, விறகு, பார்பிக்யூ அடுப்பு, கேஸ் அடுப்பு எதுவும் எரியக்கூடாது. அணைஞ்ச மாதிரி தெரியுற சாம்பல் மூடின தணலும் சேர்த்துதான். பார்பிக்யூ முடிஞ்சதும் "மழை வருது"ன்னு அடுப்பை டென்ட்டுக்குள்ள இழுக்குறது ரொம்ப சகஜமா நடக்குது. வேண்டாம்.

வண்டியை ஸ்டார்ட்ல விட்டு ஏ.சி.யோ ஹீட்டரோ போட்டுட்டு தூங்காதீங்க. சைலன்சர்ல ஒரு சின்ன ஓட்டை, பின்னாடி ஒரு சுவர், மூடின ஷெட், ஏதோ ஒண்ணு போதும்.

அடிக்கடி கேரவன், வேன் ட்ரிப் போறவங்கன்னா, பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வாங்கிக்குங்க. ஸ்மோக் அலாரம் வேற, இது வேற. பேரைப் பார்த்து வாங்குங்க.

ஒரே இடத்துல இருக்குற ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்துல தலைவலி, வாந்தின்னா சாப்பாட்டைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி காத்தைச் சந்தேகப்படுங்க. உடனே எல்லாரையும் வெளிய கொண்டு வந்து 108-க்கு போன் பண்ணுங்க. வெளிக்காத்துல உக்காந்தா ரத்தத்துல இருக்குற மோனாக்சைடு பாதியா குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில மாஸ்க் வச்சு முழு ஆக்சிஜன் கொடுத்தா ஒண்ணு, ஒன்றரை மணி நேரத்துல பாதியாகும். நாங்க வரப்புல உக்காந்து வீணடிச்சது அந்த நேரத்தைத்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம். கொரோனா காலத்துல வாங்கின விரல் ஆக்சிமீட்டர் எல்லார் வீட்லயும் இருக்கும். அது இங்க உதவாது. மோனாக்சைடு புடிச்ச ரத்தத்தையும் அது ஆக்சிஜன் இருக்குற ரத்தம்னே படிக்கும். 98 காட்டும். 98-ன்னு பார்த்துட்டு திரும்பப் போய்ப் படுத்துடாதீங்க.

கடைசியா ஒண்ணு. அந்த ரெண்டாவது ராத்திரி, வைக்கோல் மேல, நாலு விரல்கடை திறந்த லாரியில, நான் நல்லா தூங்கினேன். மூக்கு நுனி மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு. காலைல எந்திரிச்சப்ப தம்பி எனக்கு முன்னாடியே எந்திரிச்சு, தார்ப்பாய் மேல நின்ன பனித் தண்ணியை வாளியில தட்டிக்கிட்டு இருந்தான். "அண்ணே, டீ வேணுமா"ன்னு கேட்டான். அவன் குரலைக் கேட்டதும்தான், முந்தின நாள் ராத்திரி எதை வச்சு விளையாடியிருக்கோம்னு எனக்கு முழுசா உறைச்சுச்சு.

இந்த எபிசோடை உங்க ட்ரிப் க்ரூப்ல ஒரு தடவை போட்டு விடுங்க. அடுத்த வாரம் அறுவடையோட மீதிக் கதையோட வர்றேன்.